காதிப்புக்கு அடுத்து

இரவு ஒன்றரைக்கு மின்சாரத்தை நிறுத்தியதும்
நாங்கள் தடத்தில் இறங்குவோம்.
ஒலியை இரும்புக்குள் அனுப்பி
அது திரும்பி வருவதைத் திரையில் பார்ப்பது என் வேலை.
விரிசல் இருந்தால்
எதிரொலி சீக்கிரமே வந்துவிடும்,
சொல்லக் கூடாததைச் சொல்ல வந்தவன் போல.
நான்கு மணிக்குள் மேலேறிவிட வேண்டும்.
முதல் ரயிலில் போகிறவர்களுக்கு
நாங்கள் அங்கே இருந்ததே தெரியாது.

இன்று தூங்காமல் வந்திருக்கிறேன்.
மருத்துவமனையின் கீழ்த்தளம்.
கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் துருவன், ஒன்பது வயது.
நூருல் ஹசானா அவன் பையைத் தடவி
பயண அட்டையை எடுத்து என்னிடம் தந்தார்.
"சிலை விளையாட்டு தெரியுமா?
நாற்பது நிமிடம் சிலை."
"மூக்கு அரித்தால்?"
"சிலைக்கு மூக்கு அரிக்காது."
பிறகு இயந்திரம் அடிக்கத் தொடங்கியது.
உட்லண்ட்சில் எங்கள் புளோக்குக்குப் பின்னால்
புதுத் தடத்துக்குத் தூண் இறக்கிய அதே சத்தம்.

நான்கு வயதில் இவன்
சிவப்புத் தடத்தின் நிலையங்களை
ஜூரோங் கிழக்கிலிருந்து மரீனா வரை
மூச்சு விடாமல் சொல்வான்.
பக்கத்து வீட்டுத் திருமதி கோ
கைதட்டி ஆரஞ்சுப் பழம் தருவார்.
ஐந்தில், ரத்தத்தில் புற்று.
முதுகெலும்பின் இடுக்கில்
பதினெட்டு முறை அந்த மஞ்சள் மருந்து.
"இறுக்கிப் பிடியுங்கள், அப்பா" என்பார்கள்.
முழங்காலும் நெற்றியும் சேரும்படி
சுருட்டிப் பிடித்தேன்.
புற்று போனது. மணி அடித்தோம். கேக் வெட்டினோம்.

இப்போது காதிப் வந்ததும் நின்றுவிடுகிறான்.
அடுத்த பெயர் வாசல்வரை வந்து
செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறது.
ஏழாம் வாய்ப்பாடும் அப்படித்தான்.
கவனம் இல்லை என்று பள்ளியிலிருந்து எழுதியிருந்தார்கள்.
என் மனைவி அந்தத் தாளை நான்காய் மடித்து
அரிசி டப்பாவுக்கு அடியில் வைத்தாள்.

டாக்டர் சியூ திரையைத் திருப்பினார்.
"இடவலமாய் ஓடும் இழைகள் சிவப்பு,
முன்பின்னாய்ப் போவது பச்சை, மேல்கீழ் நீலம்.
மூளைக்குள் நீர் நகரும் திசையைப் பார்த்து
இவற்றை வரைகிறோம்."
துருவன் காலாட்டியபடி பார்த்தான்.
"எம்ஆர்டி வரைபடம் மாதிரி இருக்கு.
வட்டத் தடம் எங்கே? மஞ்சள்?"
அவர் சிரித்தார்.
மஞ்சள் எந்த வழியாய் உள்ளே போனது என்று
எனக்குத் தெரியும்.

"இந்த இடத்தில் இழைகளின் உறை
மெலிந்திருக்கலாம். இருக்கலாம் என்றுதான் சொல்கிறேன்.
செய்தி போகிறது, தாமதமாகப் போகிறது.
இந்த ஆய்வு இவனுக்குப் பெரிதாய் உதவாது.
அடுத்து வரும் பிள்ளைகளுக்கு
மருந்தின் அளவை..."
முடிக்காமல் பேனாவை மூடினார்.
பரவாயில்லை, எனக்குப் பழகிய கணக்குதான்.
நேற்றிரவு நான் குறித்த விரிசலும்
நேற்றுக் காலை அதன்மேல் போன ரயிலுக்கு
எதுவும் செய்யவில்லை.

ஆனால் தண்டவாளம் என்றால்
அந்தத் துண்டை வெட்டி எடுத்து
வேறு வைத்துப் பற்றவைத்து
விடிவதற்குள் தேய்த்துவிடுவோம்.
கேட்க வாயெடுத்தேன்.
கேட்கவில்லை.
தேர்வில் கால்மணி நேரம் கூடுதலாய்த் தரச் சொல்லிக்
கடிதம் ஒன்று கொடுத்தார். மடிக்காமல் வைத்துக்கொண்டேன்.

திரும்பும்போது நிற்க மட்டும் இடம்.
தோ பாயோ, பிரேடல், பீஷான்
என்று ஒவ்வொன்றாய்ச் சொல்லிக்கொண்டே வந்தான்,
அறிவிப்பை முந்திக்கொண்டு.
காதிப்பில் கதவு மூடியதும்
இரண்டு காதையும் பொத்திக்கொண்டான்.
"சொல்லாதீங்க அப்பா."

அறிவிப்பு வந்தது. பெட்டி முழுக்கக் கேட்டது.
எதிரே இருந்த பெண்மணி கூட
உதவ நினைத்து எங்களைப் பார்த்தார்.
நான் தலையை ஆட்டி வேண்டாம் என்றேன்.

ரயில் வேகம் குறைகிறது.
பொத்திய கைகளுக்கு நடுவே
அவன் உதடுகள் எதையோ
மெல்லத் திறந்துகொண்டிருக்கின்றன.